தொலையாத பாட்டைக் கண்டுபிடித்தவர்கள்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி ஜாஸ்தி, போதாததற்கு வீடு வேறு மாறினோம். புனே வந்த பதினாலு வருஷத்தில் இது நாலாவது வீடு. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். யார் மேல் கோபம் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் பெட்டி அது. பச்சை பெயின்ட் உரிந்து போய், மூடி மேல் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும் 'பாளையங்கோட்டை, தெற்கு இந்தியா' என்ற விலாசமும் இருக்கும். 1985-ல் நைஜீரியாவிலிருந்து கப்பலில் வந்தது. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். அம்மாவோடு பெட்டியும் வந்தது. வீடு மாற்றும்போது உதவிக்கு வந்த ஆபீஸ் பையன் ஒருத்தன், இருபத்தாறு வயசு மராத்திப் பையன், பழைய இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம் உள்ளவன், அந்தப் பெட்டியைத் திறந்தான். பத்துப் பன்னிரண்டு எல்.பி. தட்டுகள். ஒன்றை எடுத்துப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சார், இது என்னன்னு தெரியுமா?"

"அப்பா வாங்கினது."

"சார், கையை எடுங்க சார், விரல் படுது!"

அந்தத் தட்டு வில்லியம் ஒன்யாபோர் என்ற நைஜீரியக்காரர் 1983-ல் வெளியிட்ட 'குட் நேம்' என்ற ஆல்பம். அசல் நைஜீரியப் பதிப்பு. அட்டையின் பின்பக்கத்தில் மூலையில் அப்பாவின் கையெழுத்து, நீல பால்பாயின்ட் பேனாவில், தமிழில்: 'நல்ல பெயர். எனுகு. 24.12.83.'

பையன் ஃபோட்டோ எடுத்து மும்பையில் ஒரு வியாபாரிக்கு அனுப்பினான். மறுநாளே அந்த மனுஷன் எனக்கு ஃபோன் போட்டார். நாற்பத்தஞ்சாயிரம் தருகிறேன் என்றார். ஒரு பழைய தட்டுக்கு நாற்பத்தஞ்சாயிரம்! மகளுடைய ஸ்கூல் ஃபீஸ் ஒரு டெர்ம் தாண்டும். அப்புறம் அவரே, "பின்னாடி ஏதோ கிறுக்கி வச்சிருக்கு, அதனால பதினஞ்சு குறைச்சுக்கணும், அது டேமேஜ் கணக்குல வரும்" என்றார். அப்பாவின் கையெழுத்து டேமேஜ்! அந்த நிமிஷமே எனக்கு ஏறிவிட்டது. ஆனாலும் முப்பதாயிரம் முப்பதாயிரம்தானே, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் போடாதீங்க, துடைக்காதீங்க, வெயில் படாம வையுங்க என்று வரிசையாகச் சொன்னவர் கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார். "பத்து வருஷம் முன்னாடின்னா இதோட மவுசே வேற சார். அமெரிக்காக்காரன் மறுபதிப்பு போட்டுக் கெடுத்துட்டான். இப்ப கண்டவனும் கேக்குறான்."

கண்டவனும் கேட்கிறான்! பாட்டு என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று நினைக்கிறார் இவர்? இந்தப் பதிவே அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான்.

முதலில் எங்கள் வீட்டுக்கு இந்தத் தட்டு வந்த கதை. இதைப் படிக்கிற பலர் வீட்டிலும் இதே கதை இருக்கும். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி நைஜீரியாவில் பணம் கொட்டியது. 1976-ல் எல்லாப் பிள்ளைக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடம் கட்டிவிடலாம், வாத்தியாருக்கு எங்கே போவது? இந்தியாவிலிருந்து கணக்கு, இயற்பியல், வேதியியல் வாத்தியார்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். நம் பக்கத்திலிருந்தும் நிறைய பேர். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு. அப்பா 1978-ல் போனார். எனுகுவுக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு நைரா ஒரு டாலருக்கும் மேலே இருந்த காலம் அது. இன்றைக்கு ஒரு டாலருக்கு ஆயிரத்துக்கு மேல் நைரா. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனுகு நிலக்கரிச் சுரங்க ஊர். 1967-ல் பியாஃப்ரா தனிநாடு என்று அறிவித்தபோது அதன் முதல் தலைநகர். சில மாசத்திலேயே ஊர் வீழ்ந்தது. போர் 1970 ஜனவரி வரை நடந்தது. பட்டினியில் செத்தவர்கள் மட்டும் லட்சக்கணக்கில். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்குள் அதே ஊரில் ஒரு மனுஷன் உட்கார்ந்து 'வில்ஃபிலிம்ஸ்' என்று சொந்த கம்பெனி வைத்து, சொந்த ஸ்டூடியோ வைத்து, சின்தசைசர்களை இறக்குமதி பண்ணி, தானே பாடி, தானே வாசித்து, தட்டையும் தானே அடித்து விற்றிருக்கிறார். 1977-லிருந்து 1985 வரை எட்டு ஆல்பம். அவர்தான் ஒன்யாபோர்.

பாட்டு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஃபங்க் என்பது தாளம்தான் ராஜா என்கிற இசை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே அச்சைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அமெரிக்கக் கறுப்பர்கள் 1960-களில் உருவாக்கியது. ஆனால் அதன் வேர் மேற்கு ஆப்பிரிக்கத் தாளம் என்பதால், லாகோஸிலும் அக்ராவிலும் கொட்டனூவிலும் இதைக் கேட்டவர்களுக்கு வெளியூர் போன சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திருக்கும். ஒன்யாபோர் அதில் சின்தசைசரைச் சேர்த்தார். ஒரு பாட்டு பத்து நிமிஷம் ஓடும். பின்னால் பெண்கள் கோரஸாகப் பதில் பாடிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பக்கம் கோயில் கொடையில் நையாண்டி மேளக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளை ஆட வைப்பாரே, அந்த வேலைதான். பாடுவது ஆங்கிலத்தில், வளவளவென்று இல்லாமல் நேராகச் சொல்லுவார். 1978-ல் வந்த 'அட்டாமிக் பாம்ப்' ஆல்பத்தில் ஒரு பாட்டில் வல்லரசுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உலகம் உனக்கு மட்டும் சொந்தமா, மனசை மாற்றிக்கொள் என்கிறார். 'குட் நேம்' பாட்டின் சாரம் இன்னும் எளிது: நல்ல பெயரைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அந்தப் பாட்டுள்ள தட்டைத்தான், பெயர் எழுதியிருக்கிறது என்று பதினஞ்சாயிரம் குறைத்து விலை பேசினார் அந்த மனுஷன் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த சேகரிப்பாளர் உலகத்தில் புழங்குகிற மூன்று வார்த்தைகள் மேல் எனக்குச் சண்டை.

முதல் வார்த்தை: 'தொலைந்து போன' இசை. அடுத்து அதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'கண்டுபிடிப்பு'.

2013-ல் அமெரிக்காவில் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் ஒன்யாபோர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. தொகுப்பின் தலைப்பே 'யார் இந்த வில்லியம் ஒன்யாபோர்?' என்பதுதான். உடனே உலகத்துப் பத்திரிகையெல்லாம் மர்ம மனிதர், மாய மனிதர் என்று எழுதின. ரஷ்யாவில் சினிமா படித்தாராமே, இங்கிலாந்தில் சட்டம் படித்தாராமே என்று வதந்தி மேல் வதந்தி. இதில் மர்மம் எங்கே இருக்கிறது? எனுகுவில் போய் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஊரில் பெரிய மனுஷன், தொழிலதிபர், மாவு மில் வைத்திருந்தவர், 'சீஃப்' என்று பட்டம் உள்ளவர். தேவாலயத்தில் ஈடுபாடு வந்தபிறகு பழைய பாட்டுகளைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவ்வளவுதான். தன் வீட்டில், தன் ஊரில் இருக்கிற மனுஷன் எப்படித் தொலைந்து போவார்? தேடியவனுக்கு வழி தெரியவில்லை என்றால் தொலைந்தது தேடியவன்தானே?

ஒரு மனுஷனுக்குப் பேசாமல் இருக்க உரிமை உண்டு. அந்த மௌனத்தையே விளம்பரமாக்கி விற்றது எனக்கு உறுத்துகிறது. அந்த நிறுவனத்தைக் குறை மட்டும் சொல்லவில்லை, அவர்கள் செய்த நல்லதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

இது நமக்குப் புரியாத வலியா என்ன? 2011-ல் இங்கிலாந்தில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற நிறுவனம் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையான பாட்டுகளில் சிலவற்றைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்று வெளியிட்டது. அருமையான தொகுப்புதான். ஆனால் அந்த நிறுவனத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்'! திருநெல்வேலி ஜங்ஷனில் டவுன் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரு ரூபாய் டிக்கெட்டில் கண்டெடுத்திருக்கலாமே என்று நினைத்துச் சிரித்தேன். நமக்கு அது சிரிப்பு, ஏனென்றால் நம்மிடம் அந்தப் பாட்டு இருக்கிறது. டீக்கடையில், கல்யாண வீட்டில், யார் யார் ஃபோனிலோ இருக்கிறது. நைஜீரியாக்காரனுக்கு, பெனின்காரனுக்கு, கானாக்காரனுக்கு அந்தச் சிரிப்பு வராது. ஏன் வராது என்பதுதான் அடுத்த வார்த்தை.

இரண்டாவது வார்த்தை: 'அபூர்வம்'.

அபூர்வம் என்றால் ஏதோ குறிஞ்சிப் பூ மாதிரி, இயற்கையிலேயே எப்போதாவது பூப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தட்டுகள் அப்படி அபூர்வமாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, எல்லாமே கெட்ட காரணம். முதலாவது, சின்ன நிறுவனங்கள் அடித்ததே குறைவு. 1980-களில் எண்ணெய் விலை விழுந்தது. அம்மா சொல்வார்கள்: அப்பா இந்தத் தட்டை வாங்கி வந்து சரியாக ஒரு வாரம், வருஷக் கடைசி நாள், ரேடியோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி. 1983 டிசம்பர் 31. அதற்கப்புறம் அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. வாத்தியார்கள் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவித்ததற்கும், தட்டு அடிக்கும் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இறக்குமதி பண்ண முடியாமல் போனதற்கும் காரணம் ஒன்றேதான். 1986-ல் நைராவின் மதிப்பைக் குறைத்தார்கள். அதற்கப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. தெருவெல்லாம் திருட்டு கேசட். பக்கத்தில் கானாவில் 1981 கடைசியில் ராணுவப் புரட்சி, அதைத் தொடர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ராத்திரி ஊரடங்கு. ராத்திரி ஆட்டம் இல்லையென்றால் வாத்தியக் குழு எதைச் சாப்பிடும்? பாதிப் பேர் நாட்டை விட்டே போனார்கள், மீதிப் பேர் தேவாலயத்தில் வாசிக்கப் போனார்கள்.

மிச்சமிருந்த தட்டுகள் வெயிலிலும், சஹாராவிலிருந்து அடிக்கும் ஹார்மட்டான் தூசியிலும் கிடந்தன. போடுவதற்கு வீட்டில் பிளேயர் இல்லை. அந்த நேரத்தில்தான், 1990-களின் கடைசியிலிருந்து, ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு டாலருக்கு ஒரு பெட்டி நைரா கிடைக்கும் நாட்டில், விற்கிறவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. வாங்குகிறவனுக்கு ஆறு மாச வாடகை. இப்போது லாகோஸில் இருக்கிற ஒரு பேரனுக்குத் தாத்தா வாசித்த தட்டு வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கடையில் டாலர் கொடுத்து வாங்க வேண்டும்.

இதைத்தான் 'அபூர்வம்' என்று மினுமினுப்பு பேப்பரில் சுற்றி விற்கிறார்கள். பஞ்சத்தில் அடகு போன நகையைப் பார்த்து, என்ன அருமையான வேலைப்பாடு, இந்த மாதிரி இப்ப கிடைக்கவே கிடைக்காது என்று சொல்வது போல. கிடைக்காததற்குக் காரணம் பஞ்சம் ஐயா, வேலைப்பாடு இல்லை!

மூன்றாவது வார்த்தை: 'மதிப்பு'. அந்த வியாபாரி சொன்ன மவுசு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்கு வாத்தியார் பிள்ளை இல்லையா நான். என் தட்டு நாற்பத்தஞ்சாயிரத்துக்கு விற்றால் பணம் எனக்கு. அவர் அதை வெளிநாட்டில் இரண்டு மடங்குக்கு விற்றால் லாபம் அவருக்கு. வாங்கினவர் ஐந்து வருஷம் கழித்து நாலு மடங்குக்கு விற்றால் அவருக்கு. பாடினவருக்கு? சுழி. பேஸ் கிட்டார் வாசித்தவருக்கு? சுழி. பின்னால் பாடின பெண்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு தட்டு நூறு கை மாறினாலும் இதே கணக்குதான். நம் காப்புரிமைச் சட்டத்திலேயே 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஓர் ஓவியத்தின் அசல் பிரதியோ, ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், படைத்தவருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு கேட்க உரிமை இருக்கிறது. அச்சடித்த தட்டுக்கு அது கிடையாது. சட்டத்தைக் குற்றம் சொல்லவில்லை. ஆயிரம் பிரதி அடித்ததில் ஒன்று, நியாயம்தான். ஆனால் பழைய தட்டுக்கு அதிக விலை கொடுப்பதை 'கலைஞனுக்குச் செய்யும் மரியாதை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த விலையில் கலைஞன் எங்கேயுமே இல்லை.

அவர் இருக்கிற இடம் மறுபதிப்பு. அந்த வியாபாரி கெடுத்துட்டான், கெடுத்துட்டான் என்று புலம்பினாரே, அதே மறுபதிப்பு. முறையாக ஒப்பந்தம் போட்டுச் செய்தால் அதில்தான் பாடினவருக்குப் பணமும் பெயரும் போகும். ஒன்யாபோரிடம் கையெழுத்து வாங்க வருஷக்கணக்கில் அலைந்ததாக லுவாக்கா பாப்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் பின்னால் சொல்கிறேன் என்ற நல்லது இதுதான்: திருட்டுத்தனமாக அடித்து விற்காமல் அலைந்தார்கள். 2014-ல் அவர் பாட்டுகளை வாசிக்கவே ஒரு குழு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. அந்த வருஷக் கடைசியில் பி.பி.சி. வானொலியில் அவரே வந்து பேசினார், அதுவும் தன் இஷ்டப்படி. 2017 ஜனவரியில் எழுபது வயதில் எனுகுவில் காலமானார். கடைசி மூன்று வருஷமாவது உலகம் தன் பாட்டுக்கு ஆடுவதைத் தெரிந்துகொண்டு போனார். எந்தச் சேகரிப்பாளரின் அலமாரியும் அவருக்கு இதைச் செய்து கொடுத்திருக்காது.

இன்னும் ரெண்டு உதாரணம். பெனின் நாட்டில் 'ஆர்கெஸ்டர் பாலி ரித்மோ' என்று ஒரு குழு, 1960-களின் கடைசியில் மெலோமே கிளமெண்ட் என்பவர் தொடங்கியது. வோடூன் சடங்குத் தாளத்தையும் ஃபங்கையும் கலந்து நூற்றுக்கணக்கில் பாட்டு பதிவு செய்தவர்கள். ஜெர்மனியில் உள்ள அனலாக் ஆப்பிரிக்கா நிறுவனம் 2008-ல் அவர்கள் பாட்டுகளை மறுபதிப்பாகப் போட்டது. 2009-ல் அந்தக் குழு, அதாவது தாத்தா ஆகிவிட்ட அதே ஆட்கள், முதல் முறையாக ஐரோப்பாவுக்குக் கச்சேரி பண்ணப் போனார்கள். 2011-ல் புது ஆல்பமே வந்தது. 2012-ல் கிளமெண்ட் இறந்தார். கானாவின் எபோ டெய்லர் எழுபது வயதைத் தாண்டி 2010-ல் 'லவ் அண்ட் டெத்' என்று உலகம் முழுக்க வெளியான ஆல்பம் போட்டார். இதெல்லாம் நடந்தது கண்டவனும் கேட்க முடிந்ததால். ஒரே ஒருவன் மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் நடந்திருக்குமா?

இப்போது எதிர்க்கட்சி வாதம். என் ஆபீஸ் பையனோடு ரெண்டு நாள் லஞ்சில் இதே சண்டை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

"சார், சேகரிக்கிறவன் இல்லைன்னா மறுபதிப்புக்கு எதை வச்சு அடிப்பாங்க? மாஸ்டர் டேப் எல்லாம் எப்பவோ போச்சு. யாரோ ஒருத்தன் கிடங்குல தூசியில இறங்கி நல்ல பிரதி தேடி எடுத்ததாலதானே?"

உண்மை. தூசியில் இறங்கினவனுக்கு என் கும்பிடு. தேடி எடுத்து, பாடினவரின் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, பெயர்களை எழுதி, காசு கொடுத்து, பாட்டை எல்லோருக்கும் திரும்பக் கொடுத்தவன் தொண்டு செய்தவன். என் சண்டை அவனோடு இல்லை. எடுத்துப் பூட்டி வைத்தவனோடு. அடுத்தவன் கேட்டுவிட்டால் தன் சொத்தின் விலை இறங்கிவிடுமே என்று, மறுபதிப்பு வந்த அன்றைக்குத் துக்கம் கொண்டாடுகிறவனோடு. ஒரு பாட்டை விரும்புகிறவன் அதை இன்னொருவன் கேட்டால் சந்தோஷப்படுவான். வருத்தப்பட்டால் அவன் விரும்புவது பாட்டை இல்லை.

"உங்களுக்குச் சும்மா கிடைச்சது, அதனால பேசுறீங்க" என்றும் சொன்னான். அதுவும் உண்மை :-) வீட்டில் பணக்கஷ்டம் என்று ஒருத்தர் இந்த மாதிரித் தட்டை விற்றால் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். நானே மூன்று நாள் யோசித்தேன். வீட்டம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "விக்கறதுன்னா வித்துருங்க, வேண்டாம்னா விட்ருங்க. அதுக்கு எதுக்கு மூணு நாளா வீட்ல லெக்சர்?" என்றார்.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பையன் தன் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "போட்டா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும் சார்" என்று கடைசியாக ஒரு எச்சரிக்கை. அம்மாவை ஹாலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். ஊசியை வைத்தான். கொஞ்சம் கரகரத்தது. அப்புறம் அந்தத் தாளம் பிடித்தது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எய்யா, இது அப்பா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டவுனுக்குப் போயி வாங்குனதுல்லா. அவங்க ஸ்கூல் பியூன் வீட்டுக் கல்யாணத்துக்கும் இதத்தாம் போட்டாவ. ஒங்கப்பா ஆடுனாவ" என்றார்.

"அப்பாவா? ஆடினாங்களா?"

"ஆமா. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு. அந்தப் பியூனும் ஒங்கப்பாவும். நீ என் மடியில ஒறங்கிட்ட."

என் அப்பா ஆடி நான் பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் அவர் நடந்து வந்தால் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள், அப்படிப்பட்ட ஆள். பத்து நிமிஷப் பாட்டு முடிந்ததும் அம்மா, "திரும்பப் போடச் சொல்லு" என்றார். தேய்ந்தால் தேயட்டும் என்று திரும்பப் போட்டோம். மூன்றாவது தடவையும் போட்டோம். மகள் நடுவில் வந்து நின்று ஆட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மும்பைக்காரருக்கு ஃபோன் பண்ணி, விற்கவில்லை என்று சொன்னேன். முப்பதை முப்பத்தஞ்சாக்கினார். "சார், அதை இன்னைக்கு மூணு தடவை போட்டுட்டோம்" என்றேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஊரை விட்டு வந்து புனேயிலும் டெல்லியிலும் அகமதாபாத்திலும் இருக்கிற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அப்பா, மாமா, சித்தப்பா என்று நைஜீரியா, கானா, சாம்பியா, எத்தியோப்பியா போய் வந்தவர்கள் நம் வீடுகளில் நிறைய. பரணில் பெட்டி இருந்தால் இறக்குங்கள். தட்டோ கேசட்டோ இருந்தால், காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். ஒரு தடவை போட்டு, கணினியில் ஏற்றி வையுங்கள். அட்டையின் ரெண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், வாசித்தவர் பெயர் ஒன்று விடாமல் தெரியும்படி. வாங்கினவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்போது, யாரோடு கேட்டீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். நாங்கள் அப்பாவிடம் கேட்காமல் விட்டுவிட்டோம். அந்தப் பாட்டு மறுபதிப்பாகக் கிடைக்கிறது என்றால், கையில் தட்டு இருந்தாலும் ஒரு பிரதி காசு கொடுத்து வாங்குங்கள். நானும் வாங்கினேன். அப்பா கொடுத்த நைரா அன்றைக்கு, இது இன்றைக்கு.

விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம். விற்றாலும், விற்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தடவை முழுசாகப் போட்டுவிட்டு விற்றுவிடுங்கள்.

பி.கு.: அந்த 'டேமேஜ்' பக்கத்தில் அப்பா எழுதினதற்குக் கீழே நேற்று மகள் ஒரு வரி சேர்த்துவிட்டாள், கேட்காமல் கொள்ளாமல். 'ஆச்சி மூணு தடவை கேட்டா. புனே.' தேதியும் போட்டிருக்கிறாள். இனி மதிப்பு இன்னும் ஒரு ஐந்தாயிரம் குறைந்திருக்கும்.